படிப்பை விட்ட பிள்ளை கடனாளி அல்ல

ஆகஸ்டில் வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணுகிறோம். அதே வகுப்பில் பிப்ரவரியில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை. அரசிடமும் பெரிதாக இல்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டுக்கு 28.4, பட்டியல் சாதியினருக்கு 25.9, தமிழ்நாட்டுக்கு 47. தமிழ்நாட்டின் எண்ணைப் பார்த்து நாம் பெருமைப்படுவது நியாயம். ஆனால் இவை எல்லாம் சேர்ந்தவர்களின் கணக்கு. முடித்தவர்களின் கணக்கு அல்ல.

விட்டுப் போனவர்களின் கணக்கு எப்போதாவது வெளியே வரும். 2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வித்துறை நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து மட்டும் 13,626 பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் வெளியேறினார்கள் என்று இருந்தது. அதில் பட்டியல் சாதியினர் 3,680 பேர். பழங்குடியினர் 3,121 பேர். நாட்டின் பெரிய நிறுவனங்களில் நிலைமை இது. நம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறும் பிள்ளைகளை எந்த அவையிலும் யாரும் கேட்பதில்லை.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்று பலமுறை எழுதியாகிவிட்டது. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, குவியும் அரியர், அப்பாவின் சாவு, அக்காவின் கல்யாணக் கடன், விடுதி அறையில் காதில் விழும் சாதிப் பேச்சு. இந்த வாரம் நாம் பேச வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தை. படிப்பை நடுவில் விட்டதும் அந்தப் பிள்ளையின் உதவித்தொகைக்கு என்ன ஆகிறது? ஏற்கெனவே வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? கல்லூரிக்குப் பாக்கி இருக்கிறதா? சான்றிதழ் எங்கே? மறுபடியும் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்குமா? நம் தெருக்களில் இந்தக் கேள்விகளுக்கு வதந்திதான் பதிலாகச் சுற்றுகிறது. அந்த வதந்தியை நம்பி வீட்டுக்குள் முடங்கிய பிள்ளைகளை நாங்கள் ஊர் ஊராகப் பார்க்கிறோம்.

சலுகை அல்ல, உரிமை

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. எண்பது ஆண்டுகளைத் தாண்டி நடக்கும் திட்டம். இதை இன்னும் ‘கவர்மென்ட் கொடுக்கிற காசு’ என்று தலைகுனிந்து வாங்குகிறோம். முதலில் அந்தக் குனிவு போக வேண்டும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இந்த உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. இதில் இரண்டு பகுதிகள். ஒன்று, கல்லூரி வாங்கும், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணம். மற்றொன்று, மாணவரின் செலவுக்கான கல்விப்படி. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 7,000 ரூபாய். வீட்டிலிருந்து போய் பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. அதில் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை நாள் வரும் என்பதைப் படிப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றி அமைத்தது. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு என்றானது. 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் ஒன்றியத்தின் பங்கு வரும். இந்த வரிசைதான் நம் பிள்ளைகளை மாட்டிவிடுகிறது. ஜூலையில் சேர்ந்த பிள்ளைக்குப் பணம் எப்போது வரும் என்று கல்லூரிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 2012 முதல் 2017 வரை இத்திட்டம் நடந்த விதத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் தாமதத்தைக் குறையாகச் சொன்னது. பணம் வரும் முன்பே படிப்பை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விட்ட பிறகு கணக்கில் பணம் வந்து விழுகிறது. அது யாருடைய பணம் என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு அரண் உண்டு. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 11.9.2012 தேதியிட்ட 92ஆம் எண் அரசாணை. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. நம் தலைமுறையில் பல நூறு வீடுகளின் முதல் பொறியாளரை உருவாக்கியது அதுதான். பின்னாளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இந்த வட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டு, பிறகு ‘ஸ்காலர்ஷிப் வரலையே’ என்று அலையும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கவுன்சலிங் வழியே சேர்வதும் ஏஜென்ட் வழியே சேர்வதும் ஒன்றல்ல.

ஆண்டு நடுவில் விட்டால்

இனி முக்கியமான கேள்வி. உதவித்தொகை வாங்கும் மாணவர் அந்த ஆண்டின் நடுவில் படிப்பை விட்டால், வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வரலாம் என்று திட்ட விதி சொல்கிறது. ஆனால் அதே வரியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘மாநில அரசின் விருப்புரிமைப்படி’. அதாவது திருப்பிக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் மாநில அரசின் முடிவு. கல்லூரியின் முடிவு அல்ல. கல்லூரி அலுவலகத்தில் இருப்பவரோ துறைத்தலைவரோ ‘நீ இதுவரை வாங்கின ஸ்காலர்ஷிப் எல்லாத்தையும் கட்டு’ என்று சொன்னால், அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அந்த விதி ஆண்டின் நடுவே விடுவதைப் பற்றியது. ஏற்கெனவே படித்து, தேர்வெழுதி முடித்த ஆண்டுகளுக்கு வாங்கிய தொகையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு நடுவில் விட்ட பிள்ளையிடம் முதலாம் ஆண்டுப் பணத்தைக் கேட்பவர்கள் இல்லாத விதியைக் காட்டி மிரட்டுகிறார்கள்.

பொய்யான தகவல் கொடுத்து உதவித்தொகை வாங்கினால் அது உடனே ரத்தாகும், தொகையும் திரும்ப வசூலிக்கப்படும். இது வேறு விதி. இந்த இரண்டையும் கலந்து பேசித்தான் நம் பிள்ளைகளைக் குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்கள். நோயாலும் வறுமையாலும் படிப்பை விட்டவர் மோசடிக்காரர் அல்ல.

நோய்க்கு விதியிலேயே இடம் இருக்கிறது. உடல்நலக் குறைவாலோ எதிர்பாராத வேறு நிகழ்வாலோ ஆண்டுத் தேர்வை எழுத முடியாமல் போனால், மருத்துவச் சான்றும் தேவையான பிற ஆதாரமும் கொடுத்து, கல்லூரித் தலைவருக்கு அது நிறைவளித்தால், அடுத்த ஆண்டுக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். மஞ்சள் காமாலையில் படுத்து நவம்பர் தேர்வைத் தவறவிட்ட பிள்ளை ‘இனிமே ஸ்காலர்ஷிப் கிடைக்காது’ என்று நினைத்துக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தியிருந்தால் அந்தப் பிள்ளை படிப்பிலேயே இருந்திருக்கும்.

பாடத்தையோ கல்லூரியையோ மாற்றுவதற்கும் விதி உண்டு. மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் மாற்றினால் உதவித்தொகை ரத்தாகலாம். இங்கே ‘முன்’ என்ற சொல்தான் எல்லாம். மாறிய பிறகு மனுக் கொடுப்பது கடினம். மாறுவதற்கு முன் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் ஒரு மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது எளிது.

சான்றிதழ் அடகுப் பொருளா?

விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர் ஒன்றில், செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன். கவுன்சலிங்கில் இடம் கிடைத்து வேறு மாவட்டத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். மூன்றாவது செமஸ்டர் நடக்கும்போது அப்பாவுக்கு முதுகெலும்பில் அடி. சூளையில் வாங்கிய முன்பணத்துக்காகப் பையன் மண் மிதிக்கப் போனான். நான்கு மாதம் கழித்து ஐடிஐயில் சேரலாம் என்று சான்றிதழ் கேட்டுப் போனபோது, மிச்சமிருக்கும் ஐந்து செமஸ்டருக்கும் கட்டணம் கட்டினால்தான் ஒரிஜினல் கிடைக்கும் என்றது கல்லூரி. அப்பா எங்களிடம் வந்து சொன்னது இது: “அண்ணே, படிக்காத படிப்புக்கு எதுக்கு காசு கேக்குறாங்கன்னு எனக்குப் புரியல. ஆனா பையன் பத்தாவது மார்க் சீட்டே அவங்ககிட்டதான் இருக்கு.”

அவருக்குப் புரியாதது ஒன்றுமில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்டார். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் அங்கீகார விதிகள் இதற்கு நேரான பதிலைச் சொல்கின்றன. சேர்க்கையை எந்தக் கட்டத்தில் ரத்து செய்தாலும், அடுத்து வரும் ஆண்டுகளுக்கான கட்டணத்தை மாணவரிடம் கேட்கக் கூடாது. திருப்ப வேண்டிய கட்டணத்தையும் சான்றிதழ்களையும் ஏழு நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். கலை, அறிவியல் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை இருக்கிறது. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழைச் சரிபார்த்து அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது என்பது அதன் சாரம்.

கல்விச் சான்றிதழ் விற்கும் பொருள் அல்ல, கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலையில் பள்ளிகள் தொடர்பான வழக்கிலும், மாற்றுச் சான்றிதழ் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. நகைக்கடன் கடையில் நகையை வைப்பதுபோல் மார்க் சீட்டை வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

அந்தப் பையனுக்காக இரண்டு பக்க மனு ஒன்றை எழுதினோம். மேற்சொன்ன விதிகளைக் குறிப்பிட்டு, கல்லூரி முதல்வருக்கும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், மாவட்ட நல அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினோராவது நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. சான்றிதழ் கைக்கு வந்தது. பணம் எதுவும் கட்டவில்லை. இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. விதி ஏற்கெனவே இருந்தது. அதைக் காகிதத்தில் எழுதிக் கேட்க ஓர் ஆள்தான் இல்லாமல் இருந்தது.

கையிலிருந்து கட்டிய பணம்

உதவித்தொகை வருமுன் ‘இப்போதைக்குக் கட்டு, வந்ததும் தருகிறோம்’ என்று கல்லூரிகள் வாங்கும் பணம் ஒன்று இருக்கிறது. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பட்டியல் சாதி மாணவரிடம் முன்கூட்டிக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதே திட்டத்தின் நோக்கம். ஆனாலும் தாலியை அடகு வைத்துக் கட்டியவர்கள் நம்மில் ஏராளம். அப்படிக் கட்டிய பணம் விலகும்போது திரும்புமா?

மானியக் குழுவின் 2018 விதிப்படி, எல்லாமே ஒரு தேதியைப் பொறுத்தது. கல்லூரி அறிவித்த சேர்க்கையின் கடைசி நாள் அது. அதற்கு 15 நாள் முன்பாகவோ அதற்கும் முன்பாகவோ விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக முழுத் தொகையும் திரும்ப வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் என்றால் 80 விழுக்காடு. 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாளுக்குள் என்றால் 50 விழுக்காடு. 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. காப்புத்தொகை என்று வாங்கியது மட்டும் முழுதாகத் திரும்ப வேண்டும். எழுத்து மூலம் விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிப்பதும் உண்டு. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை என்றும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது.

இந்த விழுக்காடுகளை எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வகுப்புக்குப் போவதை நிறுத்திய நாள் கணக்கில் வராது. எழுதிக் கொடுத்த நாள்தான் கணக்கு. பத்து நாள் வீட்டில் அழுதுகொண்டு கிடந்துவிட்டுப் பிறகு கடிதம் கொடுத்தால், 80 விழுக்காடு 50 ஆகிவிடும்.

வங்கிக் கடனும் பெண்களின் படிப்பும்

கல்விக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. படிப்பை நடுவில் விட்டால் அந்த வட்டி மானியம் போய்விடும். ஒரே விலக்கு மருத்துவக் காரணம். அதற்கும் கல்லூரித் தலைவர் ஏற்கும்படியான ஆவணம் வேண்டும். ஆகவே நோயால் விலகுபவர் விலகல் கடிதத்தில் நோயைத் தெளிவாக எழுத வேண்டும். ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதச் சொல்லிக் கல்லூரியில் வற்புறுத்துவார்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் பல ஆயிரம் ரூபாய் வட்டி இருக்கிறது. எழுதாதீர்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் படிப்பை விடும் முடிவைப் பெரும்பாலும் அவர்கள் எடுப்பதில்லை. வரன் வந்தது, நிச்சயம் ஆனது, ‘போதும் படித்தது’. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிப்பு நின்றால் அதுவும் நிற்கும். அந்த ஆயிரம் பல வீடுகளில் பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். திருமணம் ஆனாலும் கருவுற்றாலும் படிப்பை விடத் தேவையில்லை. மகப்பேறு விடுப்புக்கும் வருகைப்பதிவுத் தளர்வுக்கும் விதி வகுக்கும்படி 2021 டிசம்பரில் மானியக் குழு கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இளநிலை, முதுநிலை மாணவிகளும் அதில் அடக்கம். மாமியார் வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஒரு அண்ணனோ அத்தையோ முன்வர வேண்டும்.

விலகுவது வேறு, இடைவெளி வேறு

நம் பிள்ளைகளில் பலர் உண்மையில் படிப்பை விட விரும்பவில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ மூச்சு வாங்க அவகாசம் வேண்டும் என்பதே அவர்கள் தேவை. அதற்கு வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிகளில் தற்காலிக இடைவெளிக்கு அனுமதி கேட்கலாம். கலைக் கல்லூரிகளில் மறுசேர்க்கை முறை உண்டு. இரண்டுக்கும் தேவை ஒரு விண்ணப்பம். சொல்லாமல் நின்றவர் ‘டிஸ்கன்டினியூ’ ஆகிறார். எழுதிக் கொடுத்து நின்றவர் மாணவராகவே இருக்கிறார்.

அண்ணலின் வாழ்க்கையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு முடியவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவரும் ஒரு வகையில் ‘நடுவில் நின்ற’ மாணவர்தான். ஆனால் கிளம்புமுன் ஒன்றைச் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். பரோடாவில் வேலை பார்த்த இடத்தில் கோப்பைக் கையில் கொடுக்காமல் எறிந்தார்கள். தங்க இடமில்லாமல் விரட்டினார்கள். பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நண்பரிடம் கடனும் வாங்கினார். 1920இல் லண்டன் திரும்பி, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் வாங்கி வைத்த அந்த அனுமதி இல்லாதிருந்தால், திரும்பிப் போவதற்கு வாசல் திறந்திருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று. படிப்பை விடும் முடிவு எடுத்த அன்றே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். தேதி, உண்மையான காரணம், சான்றிதழைத் திருப்பித் தரும் கோரிக்கை மூன்றும் அதில் இருக்க வேண்டும். நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால்.

இரண்டு. அதன் நகலை மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு அனுப்புங்கள். இது உங்கள் பாதுகாப்புக்கு. இமாச்சலப் பிரதேசத்தில் சுமார் 250 கோடி ரூபாய் கல்வி உதவித்தொகையைக் கல்வி நிறுவனங்கள் மாணவர்கள் பெயரில் முறைகேடாக எடுத்தன என்ற குற்றச்சாட்டை சிபிஐ விசாரித்தது. நீங்கள் விலகிய பின்னும் உங்கள் பெயர் பதிவேட்டில் கிடந்தால், உங்கள் பெயரில் யார் கேட்பு அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு விளக்கம் கேட்பது உங்களைத்தான்.

மூன்று. விலகிய பிறகு வங்கிக் கணக்கில் உதவித்தொகை வந்தால் உடனே எடுத்துச் செலவு செய்யாதீர்கள். கல்லூரியிடமும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த ஆண்டுக்கு, எந்த மாதம் வரை படித்ததற்கு அது உரியது என்று நல அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். வெற்றுக் காசோலையிலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

நான்கு. சான்றிதழ் வரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் எழுதலாம்.

அரசிடம் நாம் கேட்பது

தனிமனிதர்கள் மனு எழுதியே எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது. ‘மாநில அரசின் விருப்புரிமை’ என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு தெளிவான ஓர் அரசாணையாக மாற்ற வேண்டும். நோய், பெற்றோர் மரணம், மகப்பேறு, சாதியக் கொடுமை, உதவித்தொகை தாமதம் ஆகிய காரணங்களால் விலகும் மாணவரிடம் எந்தத் தொகையும் திரும்பக் கேட்கப்படாது என்று அதில் எழுத வேண்டும். அரசு தானே தாமதமாக்கிய பணத்தால் ஒரு பிள்ளை படிப்பை விட்டால், அந்தப் பிள்ளையிடம் வசூல் கேட்பது என்ன நியாயம்?

ஒவ்வொரு கல்லூரியும் எந்தச் சமூகத்தைச் சேர்ந்த எத்தனை பேர், எந்த ஆண்டில், என்ன காரணத்தால் விலகினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாணவர் பெயர் வேண்டாம், எண் போதும். விலகல் கடிதம் கொடுத்த ஒவ்வொரு பட்டியல் சாதி, பழங்குடி மாணவரையும் நலத்துறை அலுவலர் ஒருவர் ஒரு முறையாவது நேரில் சந்தித்துப் பேச வேண்டும். ‘இரண்டு மாதப் பேருந்துக் காசு இருந்தால் தொடர்வாயா?’ என்று கேட்டாலே பலர் திரும்பி வருவார்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிக்குக் கட்டணம் திருப்பி வழங்கும்போது பிடித்தம் செய்ய வேண்டும். கல்லூரிகளுக்குப் பணத்தின் மொழி நன்றாகப் புரியும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்று மாலையே கேளுங்கள். இல்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கடிதத்தை இன்றே எழுதிவிட்டால் வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடலாம்.